‘கொட்டுக்காளி’ ஓடும்போது விளக்கைப் போட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மாலை திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கத்து மண்டபத்தில், பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய ‘கொட்டுக்காளி’ படத்தைத் திரையிட்டபோது நடந்தது இங்குள்ள பெரும்பாலானோருக்குத் தெரியும். அங்கே இருந்தவர்களும் எழுதிவிட்டார்கள், இல்லாதவர்களும் எழுதிவிட்டார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து விளக்கைப் போட்டு, “வேற படம் ஏதும் இருந்தாப் போடுங்கோ” என்று கேட்டதைத் துணிச்சல் என்று பாராட்டிய பின்னூட்டங்களையும் வாசித்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால், “ஒரு ஓட்டோ போகுது, போகுது, போய்க்கொண்டே இருக்குது, ஒண்டும் நடக்கேல்ல” என்ற வரியை அத்தனை பேர் பகிர்ந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லையா? ஒரு பெண் தன் சாதிக்கு வெளியே ஒருவனை விரும்பிவிட்டாள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே முடிவெடுத்து, அவளை ஓட்டோவில் ஏற்றி, பலிக்குச் சேவலையும் கூடவே வைத்துக்கொண்டு, பேயோட்டுகிற சாமியிடம் கொண்டு போகிறது. அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி (நகைச்சுவையில் பெயர் எடுத்த நடிகர் சூரி) தொண்டை கட்டிய கரகரத்த குரலோடு மோட்டார் சைக்கிளில் கூடவே வருகிறான். அவள் கிட்டத்தட்ட வாய் திறப்பதே இல்லை. எங்கேயோ ஒலிபெருக்கியில் ஒரு பாட்டுக் கேட்கிறது. அவள் அதை மெல்ல முணுமுணுக்கிறாள். அந்த ஒரு முணுமுணுப்புக்காக அவன் அவளைப் போட்டு அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் சேர்த்து அடிக்கிறான். இத்தனையும் நடக்கிறது. நடப்பது வாய் திறக்காத ஒருத்திக்கு என்பதால்தான் ஒன்றும் நடக்காதது போலத் தெரிகிறது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் சொல்வேன்: படத்தில் நடக்கிறது, நீங்கள் பார்க்கவில்லை.

நாள் முழுதும் உழைத்துக் களைத்து வருகிறவனுக்குச் சிரிப்பும் சண்டையும் பாட்டும் வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். வேண்டும்தான், யார் மறுத்தது? அதற்கு வருடம் முழுவதும் படங்கள் வருகின்றன, அதிகாலைக் காட்சியும் பாலாபிஷேகமும் நடக்கின்றன. நான் ஒருநாளும் போய் அங்கே விளக்கைப் போட்டதில்லை.

பின்னணி இசை இல்லை, பாட்டு இல்லை என்பது இன்னொரு முறைப்பாடு. 1954 இலேயே எஸ். பாலச்சந்தர், சிவாஜி கணேசனை வைத்து ஒரு பாட்டும் இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்துவிட்டார். எழுபது வருடம் கழித்தும் தமிழில் பாட்டில்லாத படம் வந்தால் திரைப்படமே இல்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால், அது வினோத்ராஜின் குறை அல்ல. இசையை வைத்திருந்தால் எங்கே அழ வேண்டும், எங்கே பயப்பட வேண்டும் என்று அதுவே சொல்லியிருக்கும். அது இல்லாத இடத்தில் ஓட்டோவின் இரைச்சலும் காற்றும் சேவலின் சிறகடிப்பும் கேட்கின்றன. அவற்றுக்கு நடுவே அந்தப் பெண்ணின் மௌனமும் கேட்கிறது. நடுப்பாதையில் ஒரு காளை நிற்கும்போது, ஒருத்தியை இழுத்துக்கொண்டு போகிற அத்தனை ஆண்களும் கிட்டப் போகத் தயங்கி நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்தக் காட்சிக்கு மேளம் எதற்கு?

“இதெல்லாம் படித்த மேட்டுக்குடிக்காரர் தங்களுக்குள் மெச்சிக்கொள்ளும் படம், வெளிநாட்டு விருதுக்காக எடுத்தது” என்று எழுதியவருக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த வரி என்னை மிகவும் காயப்படுத்தியது. பி. எஸ். வினோத்ராஜ் மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகில் அரிட்டாபட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே வேலைக்குப் போய், பின்னர் சென்னையில் டிவிடி விற்கும் கடையில் நின்றுகொண்டு, அங்கே கிடைத்த படங்களைப் பார்த்துச் சினிமா கற்றவர். அவருடைய முதல் படமான ‘கூழாங்கல்’, கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட அவருடைய சொந்தச் சகோதரி கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே வந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. 2021 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவில் அதற்கு, அங்கே முதன்மைப் பரிசான புலி (Tiger) விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். ‘கொட்டுக்காளி’ 2024 இல் பெர்லின் விழாவுக்குப் போனது. இதில் மேட்டுக்குடி எங்கே இருக்கிறது? தன் ஊர்ப் பெண்களுக்கு நடந்ததைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எடுத்த ஒருவரை அந்நியர் என்கிறீர்கள். நூறு பேரை ஒரே கையால் அடித்து வீழ்த்துகிறவரை நம்மில் ஒருவர் என்கிறீர்கள். எனக்கு இது விளங்கவில்லை.

அடுத்தது, “அது இந்தியாவின் கதை, எங்களுக்கும் அதுக்கும் என்ன?” என்ற கேள்வி. இதைக் கேட்டவர் என்னைவிட வயதில் மூத்தவர், நான் மதிக்கும் அண்ணன். அவருக்காக ஒன்றைச் சொல்கிறேன். என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா முறை, பேசி முடித்த சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்தினாள். வீட்டில் யாரும் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை. வான் ஒன்றைப் பிடித்து, தம்பலகாமத்துக்கும் அப்பால் பார்வை பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். வீட்டில் விட ஆளில்லாததால் சின்னப் பிள்ளையான என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியில் நிறுத்திக் கச்சான் வாங்கினார்கள். அரிசி விலை, யாரோ ஒருவரின் கலியாண வீடு, வெளிநாட்டுக்குப் போன பொடியன் என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டே வந்தார்கள். அக்கா யன்னல் ஓரத்தில் இருந்தாள். அவளுக்கு வெட்டிக் கழிப்பதற்காக வாங்கிய தேசிக்காய்ப் பையை வைக்க இடமில்லாமல் அவளுடைய மடியிலேயே வைத்திருந்தார்கள். வான் குலுங்கும்போதெல்லாம் அது விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்தப் பயணத்தை யாராவது அன்று படம் பிடித்திருந்தால், அதிலும் ஒன்றும் நடந்திருக்காது. ஒரு வான் போகும், போய்க்கொண்டே இருக்கும். அண்ணன், இது இந்தியாவின் கதை இல்லை.

முடிவு இல்லை என்பதையும் குறையாகச் சொல்கிறார்கள். பாண்டி அந்தச் சாமியின் இடத்தில் தனக்கு முன்னால் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டப்படுவதைப் பார்க்கிறான், அவளைத் தொடுகிற கைகளைப் பார்க்கிறான். அதற்கு மேல் அவன் என்ன செய்தான் என்று படம் காட்டவில்லை. அவன் திருந்தினான் என்று காட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அந்த நிம்மதிக்கு நாம் தகுதியானவர்களா? என் அக்காவின் வீட்டார் திருந்தவில்லை.

சிரிப்புக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் கருத்து வேறுபாடு என்று விட்டுவிடலாம். இதை விட முடியாது. பாண்டி அவளை அடிக்கத் தொடங்கிய இடத்தில் பின்வரிசையிலிருந்து சிரிப்பு எழுந்தது. ஒருவர் விசிலும் அடித்தார். சூரி என்றதும் சிரிக்கலாம் என்று வந்தவர்கள், பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார்கள் என்று ஒரு தம்பி சமாதானம் எழுதியிருக்கிறார். சூரி சிரிக்க வைக்கும் முகத்தோடு அங்கே நிற்கவில்லை, தம்பி. அந்த முகத்தை இரண்டு வினாடி பார்த்திருந்தாலே சிரிப்பு அடங்கியிருக்கும். மண்டபத்தில் என் மாணவிகள் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டு, பிறகு படம் முடியும்வரை தலையை நிமிர்த்தவே இல்லை. பெண்ணைத் துரத்திக் காதலிப்பதையும், அறைந்து திருத்துவதையும் நாயகனுக்குரிய லட்சணமாகப் பாட்டும் இசையும் வைத்து எத்தனை வருடமாகப் பார்த்துவருகிறோம்? ஒரு படம் முதன்முறையாக அந்த அடியை அடியாகவே காட்டியபோதும் நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்குப் பிறகும் படம் சலிப்பாக இருந்தது என்றால், நான் என்ன பதில் சொல்ல?

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், கிழக்கு மண் தந்த கலைஞர் என்று, அவருடைய நினைவு நாளான பிப்ரவரி 13 வந்தால் நாம் எல்லோரும் படம் போட்டு நினைவுகூருகிறோம். நானும் போடுகிறேன். அவருடைய ‘வீடு’ 1988 இல் வந்தது, அதிலும் பாட்டு இல்லை. கட்டி முடியாத வீட்டுக்குள் ஒரு முதியவர் தனியாக நுழைந்து, மெல்ல நடந்து, சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறார். யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ‘வீடு’ போட்டிருந்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெயரைக் கொண்டாடுவதற்கு முன் அவர் எடுத்த படத்தைக் கடைசிவரை இருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

எல்லோருக்கும் இந்தப் படம் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிடிக்காதவர்கள் வெளியே போகலாம். அன்றும் பலர் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள், அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களுக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னவர்கள்மேல்தான் கோபம். அடுத்த திரையிடலுக்கு ‘கூழாங்கல்’ என்று முன்பே பேசியிருந்தோம். இப்போது அதை மாற்றி, எல்லோருக்கும் பிடித்ததாக ஒன்றைப் போடச் சொல்லி எனக்கும் செய்தி வந்திருக்கிறது. மாற்றக்கூடாது என்பதே என் கருத்து. ஏற்பாட்டாளர்களிடமும் அதையே சொல்லிவிட்டேன். மொத்தம் 75 நிமிடப் படம். மாணவிகளையும் கூட்டிக்கொண்டு வருவேன். விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்துக் கதிரையில் நானே இருப்பேன்.