எங்கள் மாணவியின் அரைக்கால் சட்டையும் ஐபிஎல் மேடையும்

"பிள்ளையைச் சியர் கேர்ள் ஆக்கப் பார்க்கிறீர்களா டீச்சர்?"

போன வாரம் ஒரு மாணவியின் அப்பாரு, அதாவது தாத்தா, என்னிடம் இப்படிக் கேட்டார். அன்று முதல் எனக்கு மனம் ஆறவில்லை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் நான் பி.டி. டீச்சர். அந்தப் பெண் எட்டாம் வகுப்பு. 800 மீட்டரில் இந்த வட்டாரத்தில் அவளுக்கு இணையாக ஓட ஆள் இல்லை. சப் ஜில்லா போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆனால் சுடிதார் பேன்ட்டுடன் ஓடுகிறாள். வேகம் எடுத்தால் துணி முழங்காலில் பிடிக்கிறது. வளைவில் இரண்டு முறை தடுக்கி விழுந்துவிட்டாள். ஓடுகிறவர்கள் எல்லோரும் போடும் அரைக்கால் சட்டையை வாங்கிக் கொடுத்தேன். அதைத்தான் அப்பாரு திருப்பிக் கொண்டுவந்தார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, பேத்தியைச் சைக்கிளில் பயிற்சிக்குக் கூட்டி வருகிறவரே அவர்தான். ஆனால் மைதானத்தில் குட்டை உடையோடு ஒரு பெண் நிற்கிறாள் என்றால் அவர் கண்ணுக்குள் வரும் படம் ஒன்றே ஒன்று. ஐபிஎல் கிரிக்கெட்டில் பவுண்டரிக்குப் பவுண்டரி மேடையில் ஆடும் சியர் கேர்ள்கள், அதாவது சியர்லீடர்கள்; கோடை முழுவதும் தொலைக்காட்சி காட்டிய படம் அது. இதே பாலக்காடு மாவட்டத்தில் முண்டூரில் பிறந்த பி. யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அந்தப் படம் அவர் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஒரு ஐபிஎல் ஆட்டம் பார்க்கப் போனோம். பாலக்காடு ஜங்ஷனில் இரவு ரயில் ஏறிப் போய், பிள்ளைகளுக்கும் முழு டிக்கெட் எடுத்து உட்கார்ந்தோம். எங்களுக்குக் கீழே சிறிய மேடை. நான்கு பெண்கள். ஒவ்வொரு பவுண்டரிக்கும் இருபது வினாடி ஆட்டம், பிறகு அதே சிரிப்போடு நிற்க வேண்டும். பின்வரிசையில் இருந்தவர்கள் கிரிக்கெட்டைப் பார்க்கவே இல்லை. செல்பேசியைப் பெரிதாக்கி அந்தப் பெண்களின் இடுப்புக்குக் கீழே படம் எடுத்தார்கள், என்னென்னவோ கத்தினார்கள். அவர்கள் சிரித்தபோது பதின்மூன்று வயதான என் மகனும் சேர்ந்து சிரித்தான். என்ன சொன்னார்கள் என்றுகூட அவனுக்குப் புரிந்திருக்காது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள், எனவே இது சிரிக்கிற விஷயம் என்று எடுத்துக்கொண்டான். ரயிலில் திரும்பும்போது அவனோடு நெடுநேரம் பேசினேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் இது கூடாது என்பதே என் கருத்து. ஆனால் உடை ஒழுக்கம் பேசுகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டை போட்டுவிடுவதற்காகப் பத்து வருடமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவள் நான். துணி எத்தனை சாண் என்பதல்ல என் கேள்வி. அந்த உடையைத் தீர்மானித்தது யார், எந்த வேலைக்காக?

2021 ஜூலையில் பல்கேரியாவில் ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டி நடந்தது. நார்வே பெண்கள் பிகினி வேண்டாம் என்று அரைக்கால் சட்டை போட்டு ஆடினார்கள். அணிக்கு 1500 யூரோ அபராதம். அந்த ஆட்டத்தில் ஆண்கள் ஆடுவதே அரைக்கால் சட்டையில்தான்! உலகம் முழுவதும் கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த விதியை மாற்றினார்கள். என் மாணவி உடலை மறைக்கவில்லை என்று அவள் வீட்டில் கோபம். அந்தப் பெண்கள் மறைத்தார்கள் என்று அங்கே அபராதம். இரண்டு இடத்திலும் ஓடி ஆடுகிற பெண்ணை ஒருவரும் கேட்கவில்லை.

சியர்லீடிங் இப்படிப் பிறக்கவும் இல்லை. 1898-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் எழுந்து நின்று கூட்டத்தைக் கத்த வைத்ததில் தொடங்கியது. முதலில் எல்லோரும் ஆண்கள். 1972-இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, தேர்ந்த நடனப் பெண்களைக் குட்டை உடையில் இறக்கியது. தொழில்முறை விளையாட்டில் அதுவே மாதிரி ஆகிவிட்டது. 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது அந்த மாதிரியை அப்படியே இறக்குமதி செய்தார்கள். பெங்களூரு அணிக்காக வாஷிங்டனிலிருந்தே ஒரு குழு வந்து ஆடியது.

அந்தப் பெண்கள் மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவர்களில் எத்தனையோ பேர் சிறு வயதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர்கள். ஆளைத் தூக்கி எறிந்து பிடிக்கும் போட்டிச் சியர்லீடிங்கைப் பார்த்தால், உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்கு மரியாதைதான் வருகிறது. அதன் உலகக் கூட்டமைப்புக்கு 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு முழு அங்கீகாரமே கொடுத்துவிட்டது. ஐபிஎல் மேடையில் அந்தத் திறமைக்கு இடமே இல்லை. 2011-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண், ஆட்டத்துக்குப் பிந்தைய விருந்துகளில் வீரர்கள் நடந்துகொண்ட விதத்தை வலைப்பதிவில் எழுதினார். வேலை போயிற்று, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2013-இல் சூதாட்ட விவகாரம் வெடித்ததும் கிரிக்கெட் வாரியம் "இனிச் சியர்லீடர்கள் கிடையாது" என்று அறிவித்தது. யாரோ காசு வாங்கிக்கொண்டு பந்து போட்டதற்கு இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? பழி போட்டார்கள், அடுத்த வருடமே மறுபடியும் மேடை ஏற்றினார்கள்.

கூட்டத்தை எழுப்ப வேறு வழி இல்லையா என்ன? எங்கள் ஊர்ப் பக்கம் இரவில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். கேரளப் பக்கத்துச் செண்டை மேளமும் தமிழ்நாட்டுப் பக்கத்து ஜமாப் மேளமும் சேர்ந்து ஒலித்தால் காலடி மண் அதிரும். கொச்சி கலூர் மைதானத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணியின் மஞ்சள் சட்டைக் கூட்டம் பாடிய பாட்டுக்கு மேடை போட்டவர் யார்? ரசிகர்களே பாடினார்கள்.

நடனம் வேண்டுமென்றால் தாராளமாக வைக்கட்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடட்டும். என்ன உடை என்பதை ஆடுகிறவர்கள் முடிவு செய்யட்டும். கேமரா முழுக் குழுவையும் காட்டட்டும். தொடையில் தொடங்கி மேலே ஏற வேண்டாம். மேடைக்கும் ரசிகர்களுக்கும் நடுவே இடைவெளி விட்டு, கீழ்த்தரமாகக் கத்துகிறவனை வெளியே அனுப்ப ஆள் நிறுத்தட்டும். கோடிக் கணக்கில் வீரர்களை ஏலம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய செலவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அப்பாருவைப் பார்க்க மறுபடியும் போகிறேன். சித்ரா ஓடும் வீடியோவைச் செல்பேசியில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த முறை சட்டையை நான் நீட்டப் போவதில்லை. எதைப் போட்டால் ஓட வசதி என்று அவர் முன்னாலேயே அந்தப் பெண்ணைக் கேட்கப் போகிறேன்.