பாமினியும் லினக்ஸும்: மாற முடியாததற்கு விரல்தான் காரணம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்தியது. "பழைய கணினியைத் தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் போடுங்க" என்று, விண்டோஸுக்கு மாற்றான அந்த இலவச இயங்குதளத்துக்கு மாறச் சொல்லி ஊரெல்லாம் அறிவுரை. யோசனை சரிதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். டிடிபி (கணினியில் அச்சுக்குப் பக்கம் வடிவமைக்கும்) கடைகளில் ஓடும் பழைய கணினிகள் அதில் தேறாது. ஆனால் மாறாதவர்களைச் சோம்பேறி என்பதை நான் ஏற்கமாட்டேன்.

டிடிபி கடைகளில் புழங்கும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்று வர ஆபரேட்டர் தட்டுவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருவை லினக்ஸில் நிறுவுவது இரண்டு கிளிக் வேலை. தொல்லை அதற்கப்புறம். வேர்டுக்குப் பதிலாக லினக்ஸில் பயன்படும் இலவச லிப்ரே ஆபிஸ், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. 'தமிழ்' அடித்தால் 'துமிழ்' வந்து நிற்கும்! டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் அந்த டிக்கை எடுத்தால் சரியாகிவிடும். வேர்டிலும் இதே வம்பு உண்டு. ஆனால் அதை என்றைக்கோ யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அணைத்ததே இப்போது நினைவில் இருக்காது. மாறும்போது கைவிட்டுப் போவது விண்டோஸ் அல்ல, இப்படிச் சேர்ந்த நூறு சின்னத் திருத்தங்கள்.

எந்தக் கணினியிலும் தமிழாகவே பதிவாகும் யூனிகோடில் அடிப்பவர்களுக்கு இவ்வளவு சிரமமில்லை. லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் பொதியில் தமிழ்99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு என்ற மூன்று விசை அமைப்புகளும் உண்டு. விண்டோஸில் அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் பழகியவர்களுக்குச் சில விசைகள் இடம் மாறித் தடுக்கும், அவ்வளவுதான்.

பிரின்டர் வேறு கதை. கடைக்குக் கடை இருக்கும் கேனன் எல்பிபி 2900-க்குத் கேப்ட் என்ற தனி டிரைவர் (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) வேண்டும். 64 பிட் லினக்ஸில் அது 32 பிட் லைப்ரரிகள் என்ற துணைக் கோப்புகளையும் கேட்கும். முதலில் அதைச் சோதியுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளை நம்பி இருக்கும் கணினியைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைப்பவர்களுக்கு: விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் தப்பலாம். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலக நேரத்தையும் (யூடிசி) மதர்போர்டு கடிகாரத்தில் எழுதுவதுதான் காரணம். லினக்ஸிலிருந்து விண்டோஸின் டி டிரைவில் சேமிக்க முடியவில்லையா? விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (வேகமாகத் தொடங்கும் வசதி) என்பதை அணையுங்கள். பழியை லினக்ஸ் மேல் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய.

என்னைக் கேட்டால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸ் போட்டு மூன்று மாதம் வேலை செய்யுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த பழைய கோப்புகளை லிப்ரே ஆபிஸின் டிரா செயலியில் திறந்து, எவ்வளவு குலைகிறது என்று பாருங்கள். அப்புறம் 8 ஜிபி பென்டிரைவில் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பிரின்ட் எடுங்கள். வட்டைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுதி வையுங்கள். இயங்குதளம் மாறுவது கடைசி நாள் வேலை.