டயாலிசிஸ் நடக்கும் வீட்டில் எழுதுவது எப்படி?

கணவருக்கோ மனைவிக்கோ சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிவிட்டால், எழுதுகிறவரிடம் உறவினர்கள் சொல்வது இதுதான்: "கொஞ்ச நாளைக்கு எழுத்தையெல்லாம் ஓரங்கட்டி வையுங்க." அக்கறையில் சொல்கிறார்கள். ஆனால் இது கொஞ்ச நாள் விவகாரம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் அமையும்வரை, அமையாவிட்டால் ஆயுள் முழுக்க, பெரும்பாலும் வாரம் மூன்று முறை. அவ்வளவு காலம் ஒதுக்கி வைத்த எழுத்து திரும்பி வருவது கடினம். ஆகவே நிறுத்தாதீர்கள் என்பதே என் கருத்து. ஆனால் எந்த நாளில் எந்த வேலை என்று பிரித்துக்கொள்ளாமல் தொடரவும் முடியாது.

இயந்திரத்தில் 4 மணி நேரம். போக்குவரத்து, எடை பார்ப்பது, ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்து ரத்தம் நிற்கும்வரை காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் 6 மணி நேரம் போய்விடும். வீடு திரும்பியதும் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி உடம்பு துவண்டுவிடும், கெண்டைக்கால் இழுக்கும். அன்றைக்குப் புதிதாக எழுத உட்காராதீர்கள். டயாலிசிஸ் அறைக்கு வெளியே கிடைக்கும் நேரம் மெய்ப்புத் திருத்தத்துக்கும் வாசிப்புக்கும்தான் ஏற்றது. மருந்து வாங்க, கையெழுத்துப் போட, அழுத்தம் இறங்கிவிட்டது என்று சொல்ல எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். மெய்ப்பில் விட்ட வரியில் பென்சில் குறி வைத்துவிட்டு எழுந்து போகலாம். பாதி உருவான கதைப் பத்தியை அப்படி விட்டுவிட்டுத் திரும்ப முடிவதில்லை.

புதிய எழுத்துக்கு டயாலிசிஸ் இல்லாத நாட்களின் அதிகாலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். மேசையை விட்டு எழும்முன் அடுத்து வரவேண்டியதை இரண்டு வரிக் குறிப்பாக எழுதி வையுங்கள். இடையில் மருத்துவமனைச் சேர்க்கை வந்து வாரங்கள் கழிந்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு நுனி இருக்கும். வாரத் தொடருக்கு ஒப்புக்கொண்டால் கையில் நான்கைந்து அத்தியாயம் சேர்ந்தபிறகே முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வரவேண்டுமென்றால் கைப்பிரதியைச் செப்டம்பருக்குள் கொடுத்துவிடுவது நல்லது. டிசம்பரில் எல்லாப் பதிப்பகமும் ஒரே நேரத்தில் மெய்ப்பு அனுப்பி மறுநாளே கேட்கும். வீட்டு நிலைமையைப் பதிப்பாசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

நேரத்தை அதிகம் விழுங்குவது சமையலறை. இதுவரை அடுப்படிப் பக்கம் போகாத ஆண் எழுத்தாளர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு போன்றவை வேண்டாம். நட்சத்திரப் பழத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், அது மூளையைத் தாக்கும். சோடியம் குறைவு என்று விற்கும் உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். நல்லது செய்வதாக நினைத்துச் சேர்க்கும் அதுவே ஆபத்து. நாலு நாளுக்கான காயை ஒரே நாளில் நறுக்கி வைத்தால் காலை நேரம் உங்களுக்கு மிஞ்சும்.

தண்ணீர்க் கணக்கில்தான் கணவன் மனைவிக்குள் சண்டை வரும். மருத்துவர் சொன்ன ஒரு நாள் அளவைக் காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி எதைக் கொடுத்தாலும் அதே அளவை அதிலிருந்து கொட்டிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. நீங்கள் கண்காணிப்பாளராக நிற்க வேண்டியதில்லை, அவரே பார்த்துக்கொள்வார். ஒரு கிலோ எடை ஏறினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உள்ளே தங்கியிருக்கிறது. தாகத்தைத் தூண்டுவது உப்பு. ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தினாலே பாதிச் சண்டை குறையும்.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே இரண்டு நாள் விழும் நீண்ட இடைவெளி வாரத்திலேயே ஆபத்தானது. மூச்சுத் திணறலும் பொட்டாசியம் ஏறுவதும் அப்போதுதான் அதிகம். வெளியூர் இலக்கியக் கூட்டங்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வருவதால், திங்கள், புதன், வெள்ளி அட்டவணையில் இருப்பவர் வீட்டில் இரண்டும் மோதும். கூட்டத்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பொறுப்பை ஒப்படைக்க இன்னொருவரை முன்பே பழக்கிவிட்டுப் போங்கள்.

துணையின் நோயைப் பற்றி எழுதுவதானால் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். ஒருமுறை தந்த சம்மதம் எல்லாக் கட்டுரைக்கும் செல்லாது. அச்சுக்குப் போகும்முன் படிக்கக் கொடுங்கள், அவர் அடித்த வரியை வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் வெளியூர் போகும்போது பொறுப்பேற்பவருக்கு ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவை: உலர் எடை (உடம்பில் மிகுதி நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை), தண்ணீர் அளவு, டயாலிசிஸ் அன்று எந்த ரத்த அழுத்த மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், மருத்துவமனை எண். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் அழுத்தம் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக் கூடாது, இறுக்கமான வளையலோ கைக்கடிகாரமோ போடக் கூடாது. தினமும் காலையில் அந்த இடத்தைத் தொட்டால் விரலுக்கடியில் அதிர்வு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மறுநாளுக்குத் தள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.