பழைய கேமாம், பொக்கிஷமாம்!

"அந்தக் காலத்து கேம் மாதிரி வருமா"ன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், பாம்பன் பாலத்துல இருந்து தள்ளிவிட்டுருவேன். 1999ல வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ராஜ்யம் கட்டிச் சண்டை போடுற கம்ப்யூட்டர் கேம். வயல்ல விளைச்சல் தீர்ந்தா விவசாயி அப்படியே மரமா நிக்கிறான். ஏன்டா, கையிருப்புல மரக்கட்டை கிடக்கு, விதைக்க வெறும் 60 கட்டைதான், நீயா திரும்ப விதைச்சா குறைஞ்சா போயிருவ? தீர்ந்ததும் தானா விதைக்கிற மாதிரி முன்கூட்டியே வயலுக்கு வரிசை போட்டு வைக்கிற வசதியே 2000ல இதோட கூடுதல் பாகமா வந்த தி கான்கரர்ஸ்லதான்!

பால்டர்ஸ் கேட்னு இன்னொரு பழைய கேம், ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு சாகசம் போறது, அது அதுக்கு மேல. ஆறு பேரை ஒரு சந்துக்குள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள ராமேஸ்வரத்துக்கே நடந்து போயிரலாம். ஒருத்தன் முட்டிக்கிட்டு நிப்பான், இன்னொருத்தன் ஊரைச் சுத்திப் போய் எதிரி வாயில விழுவான். சண்டையை நிறுத்த ஸ்பேஸ்பாரை அமுக்கணும். எங்க மண்டபம் ஊரு உப்புக்காத்துல அது துருப்பிடிச்சு இறங்குதா? இறங்காது! கடைசியா இறங்குச்சு. உடனே கரன்ட் கட். நல்லா இருங்கடா.