லிஃப்ட் போட்டால் ஃபெண்டரை வெட்ட வேண்டாமா?

“2 இஞ்ச் சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால் 33 இஞ்ச் டயருக்கு ஃபெண்டரை வெட்டவே வேண்டாம்” என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். (சஸ்பென்ஷன் லிஃப்ட் என்பது ஸ்பிரிங் பகுதியில் செய்யும் மாற்றத்தால் வண்டியை உயர்த்துவது; ஃபெண்டர் என்பது சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடித் தகடு.) சமதரையில் வண்டி நிற்கும்போது பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் லிஃப்ட் கூட்டுவது நிற்கும் உயரத்தை மட்டும்தான். பள்ளத்தில் சக்கரம் முழுக்க மேலேறும்போது ஆக்சிலைத் தடுப்பது பம்ப் ஸ்டாப் என்ற முட்டு. அதை மாற்றாதவரை ஆக்சில் பழைய இடத்துக்கேதான் வரும். 31 இஞ்ச் டயரிலிருந்து 33-க்குப் போனால் டயரின் ஆரம் 1 இஞ்ச் கூடுகிறது. உரசல் அதனால்தான். (பாடி லிஃப்ட் வேறு கதை, அது பாடியையே சேஸிஸிலிருந்து தூக்குகிறது.)

சோதிப்பது எளிது. காயில் (சுருள்) ஸ்பிரிங் வண்டி என்றால் சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, டயர் மாட்டிய நிலையிலேயே பம்ப் ஸ்டாப் அழுந்தும்வரை ஆக்சிலை ஜாக்கியால் தூக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டீரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். பெரும்பாலும் முன் ஃபெண்டரின் பின்பக்கக் கீழ்மூலையில்தான் இடிக்கும். லீஃப் (பட்டை) ஸ்பிரிங் வண்டியில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ரேம்பில் ஏற்றி, டயர் ஓரத்தில் சாக்பீஸ் பூசித் திருப்பினால் உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டும்.

வெட்ட மனமில்லை என்றால் பம்ப் ஸ்டாப்பை நீட்டலாம், ஆனால் அந்த அளவுக்கு மேல்நோக்கிய சஸ்பென்ஷன் அசைவு குறையும்.