உப்புக் காய்ச்சியவர்கள் விட்டுச்சென்ற மேடுகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், லிங்கன்ஷைர் பகுதியிலுள்ள மார்ஷ்சேப்பல், வெயின்ஃபிளீட் ஆகிய ஊர்களை ஒட்டிய தாழ்நிலங்களில், ஒழுங்கற்ற வடிவில் பல மண்மேடுகள் கிடக்கின்றன. பார்ப்பவர் அவற்றைக் கடல் ஒதுக்கிய மணல் என்றே எண்ணுவார். உண்மையில் அவை இடைக்காலத்தில் உப்பெடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய கழிவு மண். ஒரு கோட்டைக்கோ மடாலயத்துக்கோ கொடுக்கும் பாதுகாப்பை இம்மேடுகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தக் குளிர்ந்த நாட்டில் கடல்நீரை வெயிலில் மட்டும் வற்றவைத்து உப்பெடுக்க முடியாது. கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 விழுக்காடுதான், அதை அப்படியே காய்ச்சினால் விறகு கட்டுப்படியாகாது. ஆகவே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் மட்டும் நனையும் மேட்டுச் சதுப்பில், கோடைக்காலத்தில் ஈரம் உலர்ந்து உப்புப் பூத்த வண்டலைச் சுரண்டிச் சேர்த்தார்கள். களிமண் பூசிய குழியின் அடியில் புல்கட்டிகளையும் நாணலையும் வடிகட்டியாகப் பரப்பி, அதன்மேல் வண்டலைக் கொட்டி நீர் ஊற்றினால், உப்பு கரைந்து கடுமையான உவர்நீராக அடுத்த குழியில் வடிந்து சேரும். முட்டையைப் போட்டு, அது மிதந்தால் நீர் காய்ச்சும் பதத்துக்கு வந்துவிட்டது என்று அறிவது பழைய வழக்கம். பிறகு அதை ஈயத் தட்டுகளில் ஊற்றி, பீட் எனப்படும், மக்கிய தாவரங்களாலான மண்ணை வெட்டியெடுத்து எரித்துக் காய்ச்சினார்கள். உப்பு போன வண்டலைப் பக்கத்திலேயே கொட்டினார்கள்; மேடு உயர உயர, காய்ச்சும் கொட்டகையும் அதன்மேல் ஏறியது.

1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேடு லிங்கன்ஷைர், நார்ஃபோக், சசெக்ஸ் கரைகளின் உப்புக்கூடங்களைக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த ஏட்டுக்கு வேண்டியது உடைமையும் வருவாயும் மட்டுமே. குழியை எப்படி வெட்டினார்கள், எத்தனை முறை பழுதுபார்த்தார்கள், வெள்ளம் வந்தபின் எங்கே திரும்பத் தொடங்கினார்கள் என்பதையெல்லாம் மேட்டின் அடுக்குகளே சொல்லும். உழைத்தவர்களைப் பற்றி ஏடு மௌனமாக இருக்கும்போது, அவர்கள் கொட்டிய மண்ணை நாம் அலட்சியப்படுத்துவது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

இந்த அலட்சியத்துக்கு ஒரு காரணம் உண்டு. எசெக்ஸ் கரையில் இரும்புக் காலத்திலும் ரோமானியர் காலத்திலும் உப்புக் காய்ச்சிய இடங்கள், உடைந்த சுடுமண் கலங்களும் சுட்ட மண்ணும் குவிந்து, செந்நிற மேடுகளாகவே அடையாளம் தெரிகின்றன. இடைக்காலத்தவரின் கலம் ஈயம். பழுதானால் உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம் என்பதால் அதை யாரும் எறிந்துவிட்டுப் போகவில்லை. எஞ்சியவை வெளிறிய வண்டலும் சாம்பலும் சில குழிகளும்தான். அருங்காட்சியகத்தில் வைத்துக் காட்டும்படி எதுவும் கிடைக்காததால், இடத்தின் மதிப்பும் குறைவென்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பிரான்சின் பூர்ன்னெஃப் விரிகுடாவிலிருந்து வெயிலில் விளைந்த மலிவான உப்பு வரத் தொடங்கியது. கரையும் கடலை நோக்கி நகர்ந்தது. இத்தொழில் மெல்ல ஒடுங்கியது. மேடுகளுக்கு வெளியே கடல்தடுப்புக் கரைகள் எழுந்து, சதுப்பு மேய்ச்சலாகவும் பின்னர் உழவு நிலமாகவும் மாறியது. இன்று வானிலிருந்து லேசர் ஒளியால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் லைடார் படங்களில், உழுது கரைந்த மேடுகளும் பழைய கால்வாய்களும் கூடத் தெரிகின்றன.

படத்தில் தெரிவது மட்டும் போதாது. பீட் பல நூறு, சில வேளை பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே உருவானது. அதன் சாம்பலில் எஞ்சிய கரிக்குக் கதிரியக்கக் கரிமக் கணிப்புச் செய்தால் கிடைப்பது பீட் உருவான காலமே தவிர, அடுப்பு எரிந்த காலமல்ல. காலத்தைச் சரியாகக் கணிக்க, வடிகட்டியில் விரித்த அவ்வாண்டு நாணலோ, சூட்டில் அக்காலப் பூமியின் காந்தத் திசை பதிந்த அடுப்புக் களிமண்ணோ கலையாமல் இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் இருப்பது கடைசியாகக் காய்ச்சியவர்களின் தளம். கலப்பை முதலில் கலைப்பதும் அதையே. எனவே லைடார் காட்டும் மேடுகளில், சுற்றியுள்ள கால்வாய்களோடு முழுமையாக எஞ்சியவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றின்மேல் ஆழ உழுவதை நிறுத்தி, உழவர்களுக்கு அதற்கு ஈடான தொகையை அரசு வழங்க வேண்டும்.