2520: ராமானுஜன் பெயரில் சுற்றும் தவறான செய்தி

ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் ஒரே எண் 2520 என்றும், அதைக் கண்டுபிடித்தவர் ராமானுஜன் என்றும், 7 நாள், 30 நாள், 12 மாதம் ஆகியவற்றின் பெருக்கற்பலனாக அது அமைந்ததே அதன் ரகசியம் என்றும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிவருகிறது.

பெருக்கல் சரிதான். ஆனால் 2520 அத்தகைய ஒரே எண் அன்று. அத்தகையவற்றுள் மிகச் சிறியது. 5040, 7560 என அதன் மடங்குகள் அனைத்தும் அவ்வாறே வகுபடும். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்குதான் இது. அதைக் காணும் வழியைப் பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். இருபது வரை வகுபட வேண்டுமானால் விடை 23,27,92,560.

நாள்காட்டிப் பொருத்தத்திலும் மர்மம் இல்லை. 12ஐ 30ஆல் பெருக்கினால் 360; அதை 1 முதல் 10 வரை வகுத்துப் பாருங்கள், 7 மட்டுமே மீதி தரும். அந்த 7ஆல் பெருக்கியவுடன் குறை தீர்ந்துவிடுகிறது.

ராமானுஜனுக்கு இந்த எண்ணோடு உண்மையான தொடர்பு வேறு ஒன்று உண்டு, அது சொல்லப்படாமல் போவதுதான் எனக்கு வருத்தம். தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி 1915இல் அவர் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 48 காரணிகள் கொண்ட 2520 அவ்வகை எண்களுள் ஒன்று; அடுத்தது, 60 காரணிகள் கொண்ட 5040.